போர்டிகோ வரைக்கும்

வீட்டுக்கு பிளான் போடுவது என் தொழில். ஓசூரில் ஒரு பொறியாளரின் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அடுத்தவர்கள் குடியிருக்கப் போகும் வீடுகளைக் கோடு கோடாக இழுத்துக்கொண்டிருக்கிறேன். வரைந்து முடித்ததும் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் அதன் பெயரைத் தட்ட வேண்டும். ஹால், கிச்சன், பெட்ரூம், டாய்லெட். யோசிக்கத் தேவையில்லை, கை தானாகப் போகும். ஒரு பெயரைத் தட்டும்போது மட்டும் இப்போதெல்லாம் கை கொஞ்சம் நின்றுவிடுகிறது. போர்டிகோ.

கிருஷ்ணகிரியில் பாலிடெக்னிக் படித்தபோதுதான் அந்தச் சொல் எனக்கு முறையாக அறிமுகமானது. வாசலுக்கு முன்னால் தூண்கள் தாங்கி நிற்கும் கூரை. வண்டியிலிருந்து இறங்குகிறவர் மழையில் நனையாமல், வெயிலில் வாடாமல் வீட்டுக்குள் போவதற்காகக் கட்டப்படுவது. வாத்தியார் கரும்பலகையில் ஒரு பெரிய பங்களாவை வரைந்து, தூண்களுக்கு நடுவே ஒரு குதிரை வண்டியையும் வரைந்தார். குதிரை நாய் மாதிரி இருந்தது. நாங்கள் சிரித்தோம். உள்ளே போகிறவருக்கு மரியாதை செய்கிற இடம் அது என்று மட்டும் எனக்குப் புரிந்தது.

அப்பாவுக்கு அந்தச் சொல் வேறு மாதிரி தெரிந்திருந்தது. அவர் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து இளவயதில் ஓசூருக்கு வந்து, வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டியவர். கம்பெனியின் அலுவலகக் கட்டடத்துக்கு ஒரு போர்டிகோ இருந்தது. பளபளக்கும் தரை, இரண்டு பக்கமும் பூந்தொட்டி. அதிகாரிகளின் கார்களும் வெளிநாட்டு விருந்தாளிகளும் வந்து இறங்கும் இடம். தொழிலாளிகளுக்கு வேறு கேட். ஏதாவது கேட்க வேண்டுமென்று போனால் அந்த போர்டிகோவிலேயே நிற்க வைத்துப் பேசி அனுப்பிவிடுவார்களாம். அதனால் எங்கள் வீட்டில் அது ஒரு வழக்குச் சொல்லாகவே ஆகிவிட்டது. யாராவது தெரிந்தவர் வீட்டுக்குப் போய், அவர்கள் உள்ளே கூப்பிடாமல் வாசலோடு பேசி அனுப்பினால், "போர்டிகோவோட அனுப்பிட்டாம்லா" என்பார் அப்பா. என்னைப் பெண் பார்க்க வந்து, காபி குடித்து, கேசரியை மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டு, பிறகு போனையே எடுக்காதவர்களைப் பற்றியும் அதேதான் சொல்வார். "இதுவும் போர்டிகோவோட சரி." எனக்குக் கல்யாணம் அமையாமல் போனதை இந்த ஒரு வாக்கியத்தை வைத்தே அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் சிரித்துக் கடந்தோம். சிரிக்கவில்லை என்றால் அழ வேண்டியிருக்கும்.

அலுவலகத்துக்கு பிளான் போட வருகிறவர்கள் வாயில் அந்தச் சொல்லுக்குக் கார் என்று பொருள். கார் இல்லாதவர்களும் கேட்பார்கள். "இன்னிக்கு இல்லைன்னா என்னங்க, நாளைக்கு வாங்கமாட்டமா?" என்று நிலத்தை விற்றுவிட்டு வாடகை வீடு கட்ட வருகிறவர் கேட்பார். மனையே கைக்குட்டை அகலம்தான் இருக்கும். ஹாலைச் சுருக்கியாவது போர்டிகோவை நீட்டச் சொல்வார். கட்டி முடித்த பிறகு போய்ப் பார்த்தால் அங்கே பைக்குகள் நிற்கும், வாஷிங் மெஷின் நிற்கும், ராயக்கோட்டையிலிருந்து வந்த தக்காளிக் கூடைகள் அடுக்கியிருக்கும், இந்த ஊர்த் தூறலுக்குப் பயந்து கொடி கட்டித் துணி காயும். "ஓசூர்ல கார் மட்டும் நிக்காத எடத்துக்குப் பேருதாம்மா போர்டிகோ" என்பார் எங்கள் பொறியாளர்.

நாங்கள் குடியிருந்த வீட்டில் கார் நின்றது. ஆனால் எங்களுடையது இல்லை. ஓனரம்மா மாடியில் இருந்தார், நாங்கள் கீழே. வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், எங்களிடம் தமிழ் என்று மூன்றையும் தடுமாறாமல் பேசுகிற நல்ல மனுஷி. அவர்களுடைய தோட்டம் இருந்த இடத்தில்தான் அந்தத் தெருவே வந்தது. வாசற்கதவைத் திறந்தால் நேராகக் காரின் மூக்குதான் தெரியும். அதற்கும் தூணுக்கும் நடுவே உடம்பை ஒருக்களித்துத்தான் நாங்கள் உள்ளே போக வேண்டும். அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு தினமும் சாயங்காலம் அந்தச் சந்தில் நின்றுகொண்டு, கம்பெனி பஸ்கள் ஆட்களை இறக்கிவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, "தள்ளுங்கப்பா, உள்ள போகணும்" என்று சொன்னால்தான் நகர்வார். அதுவும் உடனே நகர மாட்டார்.

அவர் ஒரு விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். நெஞ்சுவலி என்று முந்தின நாள்தான் சேர்த்திருந்தோம். சாத்துக்குடி வாங்கி வரச் சொன்னார், அதற்குள் முடிந்துவிட்டது. நான் ஓனரம்மாவுக்குப் போன் செய்தேன். அவர் நிஜமாகவே அழுதார். பிறகு கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அந்த அமைதியிலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. வாடகைக்கு இருக்கிறவர்களுக்கு இது தெரியும்.

"தப்பா நெனச்சுக்காத பாப்பா. மேல எம் பொண்ணோட சின்னக் கொழந்தைங்க இருக்குது. வீட்டுக்குள்ள மட்டும் வேணாம். போர்டிகோவுல வச்சுக்கோங்க, நான் கார எடுத்துடறேன்."

சரி என்றுதான் சொன்னேன். எத்தனையோ ஓனர்கள் தெருவுக்குள்ளேயே விட மாட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கல்லறைக்குப் போனவர்கள் எங்கள் சர்ச் பங்கிலேயே இருக்கிறார்கள். இவர் காரை எடுத்துத் தெருவில் நிறுத்தி, ஆள் வைக்காமல் தானே தண்ணீர் ஊற்றி போர்டிகோவைக் கழுவிவிட்டு, ஷாமியானா கட்டவும் ஏற்பாடு செய்திருந்தார். ஐஸ் பெட்டி முதலில் வந்து இறங்கியது. அதன் ஒயரை எங்கள் ஹால் ஜன்னல் வழியாக உள்ளே இழுத்துப் பிளக்கில் மாட்டினார்கள். ஒயர் உள்ளே போயிற்று. அப்பா போகவில்லை.

காரின் டயர்கள் அழுந்தி அழுந்திக் கறுத்திருந்த தரையில் அவரை வைத்தார்கள். தலைக்கு மேலே மின்சார மீட்டர். கால்மாட்டில் எங்கள் வாசற்படி. வந்தவர்கள் மாலை போட்டுவிட்டு, அவரைச் சுற்றிக்கொண்டு படியேறி உள்ளே போனார்கள். ஹாலில் உட்கார்ந்தார்கள், காபி குடித்தார்கள், பாத்ரூம் எங்கே என்று கேட்டார்கள். ஷிப்ட் முடித்து வந்த பழைய கம்பெனி ஆட்கள், முகம் தெரியாத அடுத்த தெருக்காரர்கள், எல்லாரும் போனார்கள். அந்த வீட்டுக்குள் அன்றைக்குப் போகாத ஒரே ஆள் அப்பாதான்.

அம்மா பெட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்த்து, "உள்ள எப்பட்டி கொண்டு போவாவ?" என்று கேட்டாள். நான் சொன்னேன். மாடிக்குப் போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன். அம்மா என் கையை இழுத்து உட்கார வைத்தாள்.

"சாவு வீட்டுல சத்தம் போடாதட்டி."

"இது சாவு வீடு இல்லம்மா, சாவு போர்டிகோ" என்றேன். அம்மா காதில் அது விழுந்திருக்கக் கூடாது. விழுந்துவிட்டது.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. இறந்தவரை முதலில் வீட்டுக்குள் கொண்டுவந்து, இருதயநாதர் படத்துக்குக் கீழே வைத்து, ‘வீட்டுக்கு வந்துட்டிய’ என்று அவரிடம் சொல்ல வேண்டும். பெண்டாட்டியோ பிள்ளையோ சொல்லலாம். அதன் பிறகுதான் அழுகை, ஜெபம், மாலை எல்லாம். கடைசியில் அவர் அந்த வீட்டை விட்டுப் புறப்படுவதற்காக ஒரு ஜெபம் சொல்லித் தூக்குவார்கள். பங்குச் சாமியார் வந்து அந்தக் கடைசி ஜெபத்தைச் சரியாகவே சொன்னார். பக்கவாட்டில் தூறல் அடித்தது. பெட்டியின் கண்ணாடி மேல் விழுந்த துளிகளை யாரோ துண்டால் துடைத்தபடியே இருந்தார்கள். தூக்கிக்கொண்டு போன பிறகு அம்மா வாசற்படியில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள்.

"உள்ள வந்தாத்தானட்டி வெளிய போக முடியும்?"

அன்றைக்கு நான் அதைத் துக்கத்தில் சொன்ன பேச்சு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

உடல் இருந்த இடத்தில் முப்பதாம் நாள் பூசை வரைக்கும் சாயங்காலம் மெழுகுவர்த்தி ஏற்றுவதும் எங்கள் வழக்கம்தான். அடுத்த நாளே கார் அதன் இடத்துக்குத் திரும்பி வந்துவிட்டது. அம்மா மெழுகுவர்த்தியைக் காரின் முன்சக்கரத்துக்கு அருகில் வைத்து ஏற்றினாள். மேலிருந்து பார்த்த ஓனரம்மா பதறிக்கொண்டு இறங்கி வந்தார். "அக்கா, பெட்ரோல் வண்டிக்கா!" என்றார். அம்மா நிமிர்ந்து பார்த்தாள், அவ்வளவுதான். அதற்கு மறுநாளிலிருந்து சாயங்காலமானால் ஓனரம்மாவே காரைத் தெருவில் கொண்டுபோய் நிறுத்தி, மெழுகுவர்த்தி அணைந்த பிறகு திரும்ப உள்ளே விட்டார். ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. ஆசை தீரத் திட்டுவதற்குக்கூட ஒரு கெட்ட ஓனரம்மா எனக்கு வாய்க்கவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்தது. அம்மா மெழுகுவர்த்தியை நிறுத்தவில்லை. போர்டிகோ வழியாக நடப்பதைத்தான் நிறுத்தினாள். வீட்டின் பக்கவாட்டில், போர் மோட்டார் இருக்கும் சந்து வழியாகச் சுற்றிப் போய்ச் சமையலறைக் கதவால் உள்ளே நுழைவாள். ஏன் என்று கேட்டேன்.

"உங்கப்பா அங்க நிக்காவட்டி. நான் மட்டும் அவியளத் தாண்டி உள்ள போனா நல்லாவா இருக்கு?"

"அப்பா கல்லறையில இருக்காங்கம்மா."

"அங்க இருக்கது ஒடம்பு. அவிய எப்படிப் போவாவ? சொல்லிக்கிட்டுப் போக வீட்டுக்குள்ள விடலியே."

நான் படித்தவள், கணக்குப் போட்டுக் கட்டடம் வரைகிறவள் என்றெல்லாம் எனக்கு ஒரு நினைப்பு. அம்மாவுக்கு மனசு சரியில்லை, நாளாக நாளாகச் சரியாகும் என்று இருந்தேன். போர்டிகோவில் ஆள் வந்தால் தானாக எரிகிற விளக்கு ஒன்றை ஓனரம்மாவின் மகன் மாட்டியிருந்தான். அது யாரும் இல்லாதபோதும் அவ்வப்போது எரியும். எரியும்போதெல்லாம் அம்மா ஹாலில் இருந்தபடியே, "பாத்தியா" என்பாள். பல்லி, பூனை, விட்டில்பூச்சி என்று நான் காரணங்களை அடுக்குவேன். எல்லாம் உண்மையான காரணங்கள்தான்.

ஒரு மழை நாள் சாயங்காலம் அலுவலகத்திலிருந்து வந்தேன். கார் இல்லை. ஸ்கூட்டரை போர்டிகோவுக்குள் ஏற்றி நிறுத்தி, மழைக்கோட்டைக் கழற்றிக்கொண்டே, "தள்ளுங்கப்பா, உள்ள போகணும்" என்றேன். பழக்கதோஷம். சொன்னது பெரிதில்லை, சொல்லிவிட்டு, அவர் நகர்வதற்காக நான் காத்து நின்றேன். நின்றுகொண்டிருக்கிறேன் என்பது கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. கை காலை அசைக்காமல் அப்படியே இருந்தேன். ஆள் அசையாவிட்டால் அந்த விளக்கு அணைந்துவிட வேண்டும். அது அணையவில்லை. எரிந்துகொண்டே இருந்தது. பயந்துபோய்ப் பக்கவாட்டுச் சந்து வழியாகச் சமையலறைக்கு ஓடினேன். அம்மா அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தாள். அதற்குப் பிறகு நானும் சந்து வழியாகத்தான் போனேன்.

அடுத்த வருஷம் ஓனரம்மாவின் மகனுக்குக் கல்யாணம் கூடி வந்தது. கீழ்வீடு அவர்களுக்கு வேண்டும் என்று நேரில் வந்து, தாம்பூலம் வைத்து, பக்குவமாகக் கேட்டார். அம்மா மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

"அவியள இங்கன விட்டுட்டு நான் எங்கட்டி வர?"

என்னால் முடிந்ததையெல்லாம் செய்து பார்த்தேன். சாமியாரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டு, அப்பாவின் படத்தை போர்டிகோவிலிருந்து ஜெபம் சொல்லியபடி ஹாலுக்குள் எடுத்து வந்தார். அம்மா ‘வீட்டுக்கு வந்துட்டிய’ என்று சொல்லவில்லை. சாமியார் போன பிறகு, "அது போட்டோ" என்றாள். கடைசியில் சாமான்களை ஏற்றிய வண்டிக்குப் பின்னால் ஆட்டோவில் அவளைக் கிட்டத்தட்ட இழுத்துத்தான் உட்கார வைத்தேன். தெரு திரும்பும் வரைக்கும் அவள் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தாள்.

புதிதாகப் போன வீடு பாகலூர் ரோட்டுப் பக்கம் ஓர் அபார்ட்மெண்டில், இரண்டாவது மாடி. அங்கே போர்டிகோவே கிடையாது. ஒருவேளை அதற்காகத்தான் அதைத் தேர்ந்தெடுத்தேனோ என்னவோ. அம்மா அங்கே வாசற்கதவைச் சாத்த விடவில்லை. அவிய தேடி வந்தா கதவு தெறந்து கெடக்கணும் என்றாள். கொசு வந்தது, பூனை வந்தது, எதிர்வீட்டுக்காரரின் முறைப்பு வந்தது. அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. இரண்டு வாய் வைப்பாள், யாரோ கூப்பிட்டது போல வாசலைப் பார்ப்பாள், தட்டை நகர்த்திவிடுவாள். டாக்டர் எல்லா டெஸ்டும் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். அம்மாவின் வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. நான் அலுவலகத்தில் இருக்கும்போது டவுன் பஸ் பிடித்துப் பழைய தெருவுக்குப் போய்விடுவாள். ஓனரம்மா எனக்குப் போன் செய்வார்.

"பாப்பா, அம்மா வந்து கேட்டுக்கு வெளியில நிக்கறாங்க. உள்ள வாங்கக்கான்னு நானும் கூப்புட்டுப் பாத்துட்டேன். வர மாட்டேங்கறாங்க."

அப்பாவை இழந்துவிட்டேன், அம்மாவையும் அந்த போர்டிகோ தின்றுவிடும் என்று எனக்குப் பயமாக இருந்தது. வெளிப்படையாகச் சொன்னால், அந்தக் காலங்களில் அப்பா மேலேயே கோபம் வந்தது. செத்தும் இப்படி வாசலில் நின்றுகொண்டு ஆளைக் கொல்லுகிறீர்களே என்று மனசுக்குள் கத்தியிருக்கிறேன்.

அலுவலகத்திலும் அந்தச் சொல் மாறிக்கொண்டிருந்தது. அல்லது முன்பே மாறியிருந்து, என் காதுதான் இப்போது திறந்ததா தெரியவில்லை. வாடகைக்கு விடுவதற்காகக் கட்டுகிற ஒருவர் வந்து, போர்டிகோ வேண்டாம் என்றார். "கார் எல்லாம் ரோட்டுலயே நிறுத்திக்கலாங்க. போர்டிகோ இருந்தா நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, குடியிருக்கறவங்க பாடியக் கொண்டாந்து வச்சிருவாங்க. நாம முடியாதுன்னும் சொல்ல முடியாது" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். குதிரை வண்டியிலிருந்து இறங்குகிறவருக்காகக் கட்டியது எங்கே வந்து நிற்கிறது பாருங்கள். நான் அந்தக் கட்டத்தை அழித்துக் கொடுத்தேன்.

பிறகு ஓனரம்மாவே அலுவலகத்துக்கு வந்தார். கல்யாணமான மகன் பெங்களூரில் வீடு பார்த்துப் போய்விட்டான். கீழ்வீடு சும்மா கிடந்தது. இப்போதெல்லாம் குடும்பமாக யாரும் வருவதில்லை, கம்பெனியில் வேலை செய்யும் பையன்கள்தான் ரூம் கேட்கிறார்கள். கீழ்வீட்டை அறை அறையாகப் பிரித்துவிடலாம் என்று யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். போர்டிகோவுக்குச் சுவர் எழுப்பினால் அதுவே தனியாக ஓர் அறை.

"தெரிஞ்ச பொண்ணு நீ இருக்கறப்ப நான் வேற யாருகிட்ட போவேன் பாப்பா?" என்று என் எதிரில் உட்கார்ந்துகொண்டார்.

அவர் மனசில் கள்ளம் இல்லை. அறைக் கணக்குப் போடும் அவசரத்தில், அப்பா கிடந்த இடம் அது என்பது அவருக்கு மறந்தே போயிருந்தது. நானும் நினைவூட்டவில்லை. அளவெல்லாம் எனக்கு நெஞ்சிலேயே இருந்தது. தூண்களுக்கு நடுவே சுவர்க்கோடு இழுத்தேன், தெருவைப் பார்க்க ஒரு கதவு, ஒரு ஜன்னல். போர்டிகோ என்று இருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக அழித்துவிட்டு ரூம் என்று தட்டினேன். ஓனரம்மா திரையில் விரலை வைத்து, பழைய வாசற்கதவு இருந்த இடத்தைக் காட்டினார்.

"இதை அடைச்சுரு பாப்பா. ஹால் வேற ஆளுக்கு, இது வேற ஆளுக்கு. ஹாலுக்குச் சந்துப் பக்கமா வழி வச்சுக்கலாம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பா உள்ளே போகக் காத்து நிற்கிற வாசல் அது. அதை அடைக்கும் கோட்டை நான்தான் இழுக்க வேண்டும். இழுத்தேன். இழுத்துவிட்டு, கொத்தனார் எப்போது வருகிறார் என்று கேட்டேன். நாளைக்குக் காலையில் என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லவா வேண்டாமா என்று வெகுநேரம் தடுமாறினேன். சொன்னேன். அம்மா அழுவாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

"அடைக்க முன்ன என்னையக் கூட்டிட்டுப் போ. நான் அவியளக் கூட்டணும்" என்றாள். தட்டில் இருந்ததை முழுதாகச் சாப்பிட்டாள்.

காலையில் போனோம். ஓனரம்மா கோயிலுக்குப் போயிருந்தார். கல்லாவிப் பக்கத்திலிருந்து வந்த கொத்தனார் ஒருவர் கலவை போட்டுக்கொண்டிருந்தார். பழைய கதவையும் நிலையையும் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். சுவரில் சிதைந்த ஓரங்களோடு ஓர் ஓட்டை மட்டும் இருந்தது. பக்கத்தில் சிமெண்ட் கற்களை அடுக்கி வைத்திருந்தார்கள். நான் கொத்தனாரிடம், "அம்மா ஒருவாட்டி உள்ள போயிட்டு வரட்டுங்க, இங்க குடியிருந்தவங்க" என்றேன். "அதுக்கென்னங்கம்மா, போய்ட்டு வரட்டும்" என்று கரண்டியைக் கீழே வைத்தார்.

முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு அம்மா அந்த போர்டிகோ வழியாக உள்ளே போவது அதுதான் முதல் முறை. செருப்பைக் கேட்டருகிலேயே கழற்றினாள். அவரை வைத்திருந்த இடத்துக்கு நேராகப் போய் நின்று, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வாங்க. உள்ள வாங்க" என்றாள்.

சாதாரணமான குரல். வேலை முடிந்து வந்தவரைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரல். பிறகு நடந்தாள். அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் முழங்கால் வலி. மெல்ல மெல்லத்தான் வருவார். அம்மாவும் அதற்கேற்ற மாதிரி ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து, வாசலுக்கு வந்ததும் ஓரமாக ஒதுங்கி நின்றாள். அந்த ஓட்டையில் ஓர் ஆள் போவதற்கு இடம் விட்டு நின்றாள். அதன் பிறகுதான் தான் நுழைந்தாள். உள்ளே காலியான ஹாலில் அவள் குரல் தெளிவாகக் கேட்டது.

"வீட்டுக்கு வந்துட்டிய."

கொத்தனார் கலவையைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டார்.

அவள் அதே வழியில் திரும்பி வருவாள், ஆட்டோவில் ஓரமாக நகர்ந்து அப்பாவுக்கும் இடம் விட்டு உட்காருவாள், வீட்டுக்குப் போவோம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படிச் செய்தால் சிரிக்கக் கூடாது, அழவும் கூடாது என்று மனசுக்குள் தயார் செய்துகொண்டிருந்தேன். ஆனால் அம்மா அந்த வழியாக வரவில்லை. சமையலறைக் கதவு திறந்து சாத்தும் சத்தம் கேட்டது. சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு, தனியாக, வேகமாக நடந்து வந்தாள். நேராகக் கொத்தனாரிடம் போனாள்.

"இனி அடைச்சிருங்கய்யா."

"அம்மா," என்றேன், "அப்பாவ நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகத்தானே வந்தோம்?"

"எங்கூட வரணும்னா அவிய நின்னாவ? உள்ள போகணும்னுதான நின்னாவ. போயிட்டாவ." செருப்பை மாட்டிக்கொண்டாள். "அந்த மாடி வீட்டுல அவியளுக்கு என்னட்டி இருக்கு? இதுதான் அவிய வீடு."

கொத்தனார் என்னைப் பார்த்தார். பிளான் போட்டவள் நான்தானே. "வெச்சறலாங்களாம்மா?" என்றார். அம்மாதான் தலையை ஆட்டினாள். முதல் வரிசைக் கல் உட்கார்ந்தது, அதன் மேல் கலவை, அதன் மேல் இன்னொரு வரிசை. ஹாலின் தரை மறைந்தது. எதிர்ச்சுவரில் இருதயநாதர் படம் தொங்கிய ஆணி மட்டும் தெரிந்தது. எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. அவர் அங்கே இல்லை என்று இவ்வளவு நாளும் அம்மாவோடு வாதாடியவள், ஓடிப்போய் அந்தக் கற்களின் மேல் கையை ஊன்றிக் குனிந்து, இருட்டுக்குள் முகத்தை விட்டு, "அப்பா!" என்று கத்தினேன்.

அம்மா பின்னாலிருந்து வந்து என் வாயைப் பொத்தினாள்.

"கூப்புடாதட்டி. வந்துருவாவ."